கையெழுத்து வைக்கிற இடம்

போன கிழமை வினோஜாவை ஜான்-தலோன் வீதியில், ஒரு புடவைக் கடைக்கு மேலே இருக்கும் அருமைராசாவின் கந்தோர் வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். கைப்பைக்குள் காப்பு விற்ற காசு இருந்தது. உள்ளே போவதா, திரும்பிப் போவதா என்று யோசித்துக்கொண்டு நின்றாள். யோசிக்க அவளுக்கு அதிக நேரம் கிடைக்கவில்லை. கணவன் தனுஜன் கதவைத் தட்டிவிட்டான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லவால் புறநகரில் அவர்கள் வாங்கிய வீட்டுக் கடனின் ஐந்து வருட ஒப்பந்தம் போன கோடையில் முடிந்தது. கடனைப் புதுப்பித்தபோது மாதக் கட்டணம் ஆயிரம் டொலர் ஏறியது. அதே நேரம் பார்த்து, புவாண்ட்-கிளேரில் தனுஜன் வேலை செய்யும் வேர்ஹவுஸில் ஓவர்டைமும் நின்றது. விற்போம் என்றால் அத்திவாரத்தில் வெடிப்பு. வாங்க வந்த இரண்டு பேரும் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த அடுத்த நாளே கையைக் கழுவிவிட்டார்கள்.

அப்போதுதான் ஒரு கலியாண வீட்டில் யாரோ சொன்னார்கள். சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு நடந்து போகலாமாம். அதற்கு அருமைராசா என்று ஒருவர் வழி செய்து தருவாராம். கூலி நாலாயிரம் டொலர், பாதி முன்பணம். வீடு வாங்கும்போது உறுதி எழுதிய நொத்தாரிசுக்குக் காசு கொடுத்தது வினோஜாவுக்கு நினைவிருக்கிறது. வீட்டை விட்டுவிட்டுப் போவதற்கும் ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

முன்பணம் ஏற்கெனவே போய்விட்டது. இன்று மிச்சப் பாதி.

"இருங்கோ தங்கச்சி, இருங்கோ தம்பி" என்றார் அருமைராசா.

மனிதர் முன்பு விமான ரிக்கற் விற்றவர். அதற்கு முன் காப்புறுதி. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம் என்று வினோஜாவின் அம்மா இப்படிப்பட்டவர்களைப் பற்றிச் சொல்லுவா. ஆனால் கதை மட்டும் வடிவாகக் கதைப்பார். கதவைத் திறந்து உள்ளே வந்தவரைக் கவலையில்லாமல் வெளியே அனுப்புவதில் கெட்டிக்காரர்.

"ரெண்டே ரெண்டு பக்கம். மூண்டு கையெழுத்து. திங்கக்கிழமை நான் வங்கிக்கு அனுப்பிறன். சாவியைக் குடுக்கிறியள், கடன் முடிஞ்சுது. பேந்து ஒருத்தனும் பின்னாலை வர ஏலாது."

கையெழுத்து வைக்கிற இடங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார். ஒன்று தனுஜனுக்கு. ஒன்று வினோஜாவுக்கு. மூன்றாவது தியாகராசாவுக்கு.

தியாகராசா தனுஜனின் அக்கா சிவநேசத்தின் கணவர். வீடு வாங்கியபோது இவர்கள் இரண்டு பேரின் சம்பளம் காணாது என்று வங்கி சொல்ல, மறுபேச்சுப் பேசாமல் வந்து கடனுக்குச் சேர்ந்து கையெழுத்து வைத்தவர். முப்பது வருடம் உணவகக் குசினியில் நின்று, பார்க் எக்ஸில் ஒரு இரட்டை மாடி வீட்டைக் கடனில்லாமல் ஆக்கியவர். அந்த வீட்டைக் காட்டித்தான் இந்த வீட்டுக்குக் கடன் கிடைத்தது.

"அண்ணைக்கு என்ன சொல்லுறது?" என்று வினோஜா கேட்டாள்.

"அவருக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் நாலு பேரிட்டைப் போய்க் கேப்பார். நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவினம். மோர்கேஜ் புதுப்பிக்கிற கடதாசி எண்டு சொல்லுங்கோ. பொய் இல்லையே தங்கச்சி, மோர்கேஜ் விசயம் தானே?"

தனுஜன் உறையை எடுத்து மேசையில் வைத்தான். அருமைராசா அதை எண்ணிக்கூடப் பார்க்காமல் மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டார். அவ்வளவு நம்பிக்கை. வினோஜா அப்போது முதலாம் பக்கத்தின் நடுவில்தான் இருந்தாள்.

வினோஜாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏழு வயதில் இந்த ஊருக்கு வந்து, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பத்து வயதிலிருந்து சொந்தக்காரரின் கடிதங்களை எல்லாம் வாசித்துச் சொல்வது அவள்தான். மின்சாரக் கட்டணம், வைத்தியசாலைக் கடிதம், வீட்டு வரி, ஒருவரின் விவாகரத்துக் கடிதம் உட்பட. கலியாணம் கட்டி வந்த பிறகு தனுஜன் பக்கத்துக் கடிதங்களும் அவளிடமே வந்தன. 'வினோஜா வாசிச்சால் சரி' என்பது அந்தக் குடும்பத்தில் சட்டம் மாதிரி.

இரண்டாம் பக்கத்தை அவள் காருக்குள் இருந்துதான் வாசித்தாள். மூன்றாம் பந்தியில் விரல் நின்றது.

"இஞ்சேருங்கோ, கார் எடுக்காதேங்கோ."

"என்னப்பா?"

"இதிலை என்ன எழுதியிருக்குத் தெரியுமோ? வீட்டை வங்கி வித்து, அந்தக் காசு காணாட்டி மிச்சத்தை நாங்கள் மூண்டு பேரும் கட்ட வேணும். ஒராள் கட்டாட்டி மற்ற ஆள் முழுதையும் கட்ட வேணும்."

"அது சும்மா எல்லாப் படிவத்திலையும் எழுதுறது."

"அருமைராசா சொன்னவர் கடன் முடியும் எண்டு. இது முடியிற கடதாசி இல்லை. எல்லாத்துக்கும் ஓம் எண்டு ஒத்துக்கொள்ளுற கடதாசி."

தனுஜன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்ச் மாதத்து அழுக்குப் பனி வீதியோரம் குவிந்து கிடந்தது. எதிரே ஒரு பெண் குழந்தை வண்டியை அதற்கு மேலால் தூக்கிக்கொண்டு போனாள்.

"அத்திவாரம் வெடிச்ச வீட்டை வங்கி என்ன விலைக்கு விக்கும்?" என்றாள் வினோஜா. "மிச்சம் வரும். எங்களிட்டை எடுக்க ஒண்டுமில்லை. ஆரிட்டைப் போவாங்கள்?"

"அத்தானை நான் விடுவனோ வினோ? வந்தால் நான் கட்டுவன். வெள்ளம் தலைக்கு மேலை போட்டுது. இனிச் சாண் என்ன, முழம் என்ன."

"தலைக்கு மேலை போனது எங்கடை தலைக்கு. அண்ணையின்ரை தலைக்கு இல்லை."

அவன் காரை எடுத்தான். அவன் கெட்டவன் இல்லை. கட்டுவேன் என்று சொன்னபோது அவன் அதை நம்பித்தான் சொன்னான் என்று வினோஜாவுக்குத் தெரியும். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மகள் ஆரணியைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் விட்டிருந்தார்கள். பன்னிரண்டரைக்கு எடுக்க வேண்டும். இப்போது பதினொன்று.

தியாகராசாவின் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, தனுஜன் இறங்கவில்லை.

"நீர் போம். என்னைக் கண்டால் அத்தான் கேள்வி கேப்பார். நீர் காட்டினால் வைப்பார்."

"நான் என்ன சொல்லி வைப்பிக்கிறது?"

"அருமைராசா சொன்னதைச் சொல்லும். வினோ, எனக்கு வேற வழி இல்லை. இருந்தால் நான் செய்ய மாட்டனோ?"

அவன் கண் கலங்கியிருந்தது. பதின்மூன்று வருடத்தில் அவனை இப்படி அவள் இரண்டு முறைதான் கண்டிருக்கிறாள். கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

கீழ்வீட்டுக்கு வாடகை கூடுதலாகக் கிடைக்கும் என்று அதை வாடகைக்கு விட்டுவிட்டு, தியாகராசாவும் சிவநேசமும் மேல் மாடியில் இருந்தார்கள். வெளியால் ஏறும் வளைந்த இரும்புப் படி. காலையில் அவர் உப்புப் போட்டிருந்தார். இருந்தும் வினோஜா கைப்பிடியை விடாமல் ஏறினாள்.

சனிக்கிழமைகளில் இந்தப் படி ஏறுவது அவளுடைய வழக்கம். கடிதங்களை வாசித்துச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். ஆனால் மூன்று சனிக்கிழமையாக அவள் வரவில்லை. ஒரு கிழமை காருக்கு பிறேக் பிழை என்றான் தனுஜன். அடுத்த கிழமை பனிப்புயல். போன கிழமை அத்தான் வீட்டில் இல்லை என்றான்.

"வா பிள்ளை, வா. மூண்டு கிழமையா ஆளைக் காணேல்லை. நான் ஒவ்வொரு சனியும் வீட்டிலைதான் பாத்துக்கொண்டிருந்தன்" என்றார் தியாகராசா.

போன கிழமையுமா என்று கேட்க வந்தவள், பேச்சை மாற்றினாள்.

"மச்சாள் வேலையோ அண்ணை?"

"ஓம், ஹோட்டலிலை. ரெண்டு மணிக்குத்தான் வருவா. நீ இரு."

அவர் அவளுக்காகத் தேத்தண்ணி போட்டார். குசினிக்காரனின் கை. பால் பொங்குவதைப் பார்க்காமலே அடுப்பைக் குறைத்தார். அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கோப்பையை அவள் முன் வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிரே அமர்ந்தார்.

"தனு ரெலிபோன் எடுத்தவன். ஏதோ கடதாசி கொண்டு வாறாய் எண்டு சொன்னவன். தா, முதல் உன்ரை வேலையை முடிப்பம்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். வினோஜா கடதாசியை விரித்து மேசையில் வைத்தாள். அவர் அதை வாசிக்கவே முயலவில்லை. மஞ்சள் ஒட்டுத்தாளைத் தேடினார்.

"இதிலையோ பிள்ளை? இந்த மஞ்சளுக்குப் பக்கத்திலையோ?"

ஓம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருக்கு இந்தச் சொல்லை அவள் சொல்லியிருக்கிறாள். ஓம் மாமா, இதிலை வையுங்கோ. ஓம் அன்ரி, இது பிரச்சினை இல்லை. அந்தக் கைகள் எல்லாம் அவள் சொன்ன இடத்தில் எழுதின. ஒன்றில்கூட அவள் பொய் சொன்னதில்லை.

"முதல் உங்கடை கடிதங்களைப் பாப்பம் அண்ணை" என்றாள். நேரம் எடுக்கத்தான் சொன்னாள்.

"அதுவும் சரி. கனக்கச் சேர்ந்திட்டுது."

அவர் எழுந்துபோய் நீலநிறப் பிஸ்கட் தகரத்தைக் கொண்டு வந்தார். பிரெஞ்சில் வரும் எதுவும் அதற்குள்தான் போகும். வினோஜா வந்து திறக்கும்வரை ஒருவரும் தொடமாட்டார்கள். மகன் ஒட்டாவாவில் இருக்கிறான். படம் எடுத்து அனுப்பினால் வாசித்துச் சொல்வான். ஆனால் அவனைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்பது தியாகராசாவின் கொள்கை. வினோஜா வருவாள்தானே.

மின்சாரக் கட்டணம். பல் வைத்தியர். ஒரு விளம்பரம். அதற்கு அடியில் ஒரு பெரிய பழுப்பு உறை, திறக்காமலே.

"உது ஒரு வெள்ளைக்காரன் கையிலை கொண்டு வந்து தந்தவன். வாங்கினனான் எண்டு ஒரு கையெழுத்தும் வைச்சனான். பெப்ரவரி பத்தொன்பது. எனக்கு மனம் சரியில்லாமல் தனுவுக்கு ரெலிபோன் எடுத்தன். தனக்கும் அதே கடிதம் வந்தது, வீட்டு வரிதான் அத்தான், அவசரமில்லை எண்டவன்." சிரித்தார். "சரி, வினோ வந்து வாசிக்கட்டும் எண்டு வைச்சிட்டன்."

வினோஜா உறையைக் கிழித்தாள்.

முதல் பக்கத்தின் மேலே மூன்று பெயர்கள். தனுஜன். வினோஜா. தியாகராசா. மூன்றாவதுக்கு நேரே இந்த வீட்டு முகவரி. கடன் கட்டாமல் விட்டது ஐந்து மாதம். தனுஜன் அவளிடம் சொன்னது இரண்டு மாதம். அறுபது நாளுக்குள் நிலுவையைக் கட்டாவிட்டால், நீதிமன்றத்தின் மூலம் வீட்டை விற்பதற்கு வங்கி நடவடிக்கை எடுக்கும். விற்ற காசு காணாவிட்டால் மிச்சத்தை மூன்று பேரிடமும் அறவிடும்.

அவள் வாசித்து முடித்ததும் மீண்டும் முதலிலிருந்து வாசித்தாள். பிழையாக விளங்கவில்லை. பிரெஞ்சு அவளை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

பிறேக் பிழை. பனிப்புயல். அத்தான் வீட்டில் இல்லை. மூன்று சனிக்கிழமையும் எதற்கு என்பது இப்போது விளங்கியது. அவள் பெயருக்கு வீட்டுக்கு வந்த கடிதம் ஏன் அவள் கையில் சேரவில்லை என்பதும். தன் புருசன் தன்னைக் கண்டு பயந்திருக்கிறான், அவள் வாசித்துவிடுவாள் என்று பயந்திருக்கிறான். கோபம் பிறகுதான் வந்தது.

தியாகராசா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டு வரிதானே பிள்ளை?"

வினோஜா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

"இல்லை அண்ணை."

பிறகு அவள் வாசித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னாள். அவர் இடையில் மறிக்கவில்லை. ஐந்து மாதம் என்ற இடத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப இந்த வீடும் போகுமோ?"

"போகலாம் அண்ணை."

"நீ கொண்டு வந்த இந்தக் கடதாசி?"

"மோர்கேஜ் புதுப்பிக்கிற கடதாசி எண்டு சொல்லச் சொன்னவை. அப்பிடி இல்லை. இதிலை வைச்சால் எல்லாத்துக்கும் ஓம் எண்டு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. வைக்காதேங்கோ."

சொல்லிவிட்டாள். தன் வீட்டின் கடைசிக் கதவைத் தானே சாத்திவிட்டாள் என்று அந்த நேரம் அவளுக்குத் தோன்றியது. நாலாயிரம் டொலரும் அதற்காக விற்ற காப்பும் போனது போனதுதான்.

தியாகராசா பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எத்தினை நாள் இருக்கு?"

அவள் விரல் மடித்துப் பார்த்தாள். "முப்பத்தேழு."

அறுபது நாளில் இருபத்து மூன்று நாள் பிஸ்கட் தகரத்துக்குள்ளேயே போய்விட்டது.

"முப்பத்தேழு நாளிலை ஏதும் செய்யலாமோ?"

"எனக்குத் தெரியாது அண்ணை. உண்மையான வக்கீல் ஒராளிட்டைக் கேக்க வேணும். இலவசமா ஆலோசனை சொல்லுற இடங்கள் இருக்கு. நான் முதலே கேட்டிருக்க வேணும்."

"தனு எங்கை?"

"கீழை, காருக்குள்ளை."

"வரச் சொல்லு."

அவள் தொலைபேசியில் அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"வைச்சிட்டாரோ?"

"மேலை வாங்கோ" என்றாள்.

இரும்புப் படி அதிர்ந்தது. பாதியில் கொஞ்சம் நின்றது. பிறகு மெதுவாகத் தொடர்ந்தது. தனுஜன் சப்பாத்தைக் கழற்றாமல் வாசல் கால்மிதியிலேயே நின்றான். மேசையில் பழுப்பு உறை கிழிந்து கிடந்ததைக் கண்டான். வினோஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வா, இரு" என்றார் தியாகராசா.

அவன் கதிரையின் நுனியில் அமர்ந்தான். அவர் கடிதத்தை அவன் பக்கம் தள்ளி, அதன் மேல் தன் கண்ணாடியையும் வைத்தார்.

"இதை எனக்கு ஒருக்கால் வாசி."

"எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதே அத்தான். உங்களுக்குத் தெரியும் தானே."

"அண்டைக்கு ரெலிபோனிலை வாசிச்சனியே. வீட்டு வரி எண்டு."

தனுஜனின் தலை குனிந்தது. தோள் குலுங்கியது. வினோஜா அவனுக்குப் பக்கத்தில் போகவும் இல்லை, விலகவும் இல்லை. பன்னிரண்டே கால். ஆரணியை எடுக்க இப்போதே புறப்பட வேண்டும். ஒருவரும் எழவில்லை.

கீழே கேற் திறக்கும் சத்தம் கேட்டது. இரும்புப் படியில் காலடி. பழகிய காலடி, பாரமான பையோடு. இடையில் ஒரு பெண் குரல் கீழ்வீட்டுக்காரருக்கு 'போன்ஜூர்' சொன்னது.

"மச்சாள்" என்றாள் வினோஜா. "ரெண்டு மணிக்கெல்லோ வாறவா?"

தனுஜன் நிமிர்ந்தான். கை தானாகக் கடிதத்தைத் தகரத்துக்குள் போட நீண்டது. "அத்தான், அக்காவுக்கு இப்ப வேண்டாம். அவவுக்கு பிரஷர் இருக்கு. தெரிஞ்சால் தாங்கமாட்டா."

தியாகராசா பிஸ்கட் தகரத்தை எடுத்தார். வெறும் தகரத்தை இறுக்கி மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இனி இதுக்குள்ளை ஒண்டும் போகாது" என்றார்.

கதவு திறந்தபோது கடிதம் மேசையின் நடுவில் கிடந்தது.